கரண்டிப் போத்தல்: சாப்பிட மறுக்கிற பிள்ளைக்கு வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பயணத்துக்குக் கொடுத்த புள்ளி. சாப்பிட மறுக்கிற பிள்ளையை இது சாப்பிட வைக்கும் என்று நம்பி வாங்கப் போகிறவர்கள் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் டவுனில் குழந்தைச் சாமான் விற்கிற கடைகளில் இப்போது முன்னுக்கே தொங்குகிறதே, அந்தச் சிலிக்கோன் சாமானைத்தான் சொல்கிறேன். சின்னப் போத்தல், 90 மில்லிலீற்றர் அளவு பிடிக்கும், சூப்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கரண்டி பூட்டியிருக்கும், போத்தலை அமத்தினால் சாப்பாடு கரண்டிக்குள் வந்து நிற்கும், மேலே ஒரு மூடி. விலை ஆயிரத்துச் சொச்சம். நான் வாங்கிய கடைத் தம்பி, "அண்ணா, சூப்பிப் போத்தல் குடிக்கிற பிள்ளையளுக்கெண்டே செய்தது, இதில குடுத்தா மறுக்காது" என்றான். அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது பத்தாவது மாதம் நடக்கிறது. இரண்டாவது மாதத்திலிருந்து பால்மாதான். ஏன் தாய்ப்பால் இல்லை என்ற கேள்விக்குக் கிளினிக்கிலும் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் பதில் சொல்லி முடிந்துவிட்டது, இங்கே திரும்பவும் வேண்டாம். மனைவி கிளிநொச்சியில் படிப்பிக்கிறா, விடியவே பஸ் எடுத்தால் பின்னேரம்தான் வருவா, எனக்கு வீட்டிலிருந்து செய்கிற வேலை, ஆகவே பகல் சாப்பாடு என் பொறுப்பும் மாமியின் பொறுப்பும். ஆறு மாதம் முடிய, கோயிலில் சோறு தீத்தினோம். ஐயர் கொடுத்ததை நாக்கால் அப்படியே வெளியே தள்ளினாள், எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதமும் அதையே செய்தபோது யாரும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கண்டாலே தலையை மறுபக்கம் திருப்புவாள், போத்தலைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுவாள். பல்லுக்கொழுக்கட்டைக்கு வந்த சனம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போனது, ஒருவர் தேன் தடவச் சொன்னார் (ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் சின்னப் பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம்).

போத்தல் பிள்ளைகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது விளங்கினால்தான் இந்தச் சாமான் எங்கே பிழை விடுகிறது என்பதும் விளங்கும். பால்மா ஒவ்வொரு தடவையும் ஒரே ருசி, ஒரே சூடு, ஒரே வேகம். தாய்ப்பாலிலாவது தாய் சாப்பிட்டதன் வாசம் கொஞ்சம் வந்து போகும், தகரத்திலிருந்து வரும் பாலில் அது கிடையாது, ஆகவே பூசணி என்பது அந்த நாக்குக்கு முழுப் புதினம். அதோடு உறிஞ்சுவது ஒரு வேலை, கரண்டியில் இருப்பதை உதட்டால் வழித்து நாக்கால் பின்னுக்குத் தள்ளி விழுங்குவது வேறொரு வேலை. இரண்டாவதைப் பழகித்தான் ஆகவேண்டும், வேறு வழி இல்லை.

இனிப் போத்தலுக்கு வருகிறேன். முதல் நாள் நன்றாகவே வேலை செய்தது. போத்தல் மாதிரி இருந்ததால் வாயைத் திறந்தாள், சிவப்புப் பச்சையரிசிக் கஞ்சியைத் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்தேன், குடித்தாள். ஆம், குடித்தாள், சாப்பிடவில்லை. மாமிக்குப் பெரிய சந்தோசம். அடுத்த நாள் கஞ்சியைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன், வரவில்லை. கரட்டை அவித்து மசித்துப் போட்டேன், போத்தலின் கழுத்தில் அடைத்தது. பிறகு கிளினிக்கில் சொன்ன மாதிரி பருப்பும் சோறும் சேர்த்து மசித்துப் போட்டேன், போத்தலைப் பிசைந்து பிசைந்து கை நொந்ததுதான் மிச்சம், திடீரென்று எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து வந்து பிள்ளையின் வாய் நிரம்பிப் பிரக்கடித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் போத்தலுக்கும் வாயை மூடிக்கொண்டாள்.

இதுதான் பெரிய குறை. ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கிற சாப்பாடு கரண்டியைச் சரித்தாலும் ஓடாமல் நிற்கிற அளவு தடிப்பாக இருக்கவேண்டும் என்பது கிளினிக்குகளில் சொல்கிற அடிப்படை விதி, இந்தச் சாமானுக்கோ ஓடுகிற சாப்பாடுதான் வேண்டும். பிள்ளையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும், எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 240 அளவில் வரும். அந்த இடத்தைத் தண்ணிக் கஞ்சியால் நிரப்பினால் சத்து எங்கே போய் இருக்கும்? அதோடு எட்டு ஒன்பது மாதத்தில் கட்டி கட்டியாக மசித்த சாப்பாட்டுக்குப் பழகாத பிள்ளைகள் பிறகு நெடுநாள் சாப்பாட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இந்தப் போத்தலில் கட்டி வரவே வராது.

இரண்டாவது குறை, எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று தீர்மானிப்பது அமத்துகிற கை. பிள்ளை வாயைத் திறந்தாளா, விழுங்கி முடித்தாளா என்று பார்த்து அமத்துகிறவர்கள் இருக்கலாம், எங்கள் மாமியின் கைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மாமியைக் குறை சொல்லவில்லை, ஐந்து பிள்ளை வளர்த்த மனிசி, அவவுக்குப் பிள்ளையின் வயிறு காயக்கூடாது. சாதாரணக் கரண்டியில் இந்தப் பிரச்சினை குறைவு, பிள்ளை வந்து எடுத்தால்தான் போகும்.

கழுவுவதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வரியும் இல்லை. கரண்டிக்கும் போத்தலுக்கும் நடுவில் ஒரு சின்ன வளையம், அதற்குள் பூசணி போய் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, அடுத்த நாள் மணக்கும். தனியாகச் சின்னத் தும்பு பிரஸ் வேண்டும், ஒவ்வொரு தடவையும் கழற்றவேண்டும், அவிக்கவேண்டும். கரட் போட்ட பிறகு பிடித்த செம்மஞ்சள் நிறம் இன்றுவரை போகவில்லை. எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, கேத்தலில் படிகிற அதே வெள்ளைத் தூள் அவித்து எடுக்கிற சிலிக்கோனிலும் படிகிறது. (தண்ணீர்க் கதை வந்ததால் ஒன்று: வலிகாமத்தில் தோட்டம் செய்கிற பக்கத்துக் கிணறுகளில் உரத்தால் வரும் நைத்திரேற்று அதிகம் என்பது பல தடவை அளந்து பார்த்த விஷயம், கொதிக்க வைத்தாலும் அது போகாது, கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரைப் பாவிக்காதீர்கள்.)

உண்மையில் மாற்றம் வந்தது காசு கொடுக்காத இடத்திலிருந்து. மாதக் கிளினிக்கில் நிறுவை பார்க்கிற வரிசையில் அப்பா என்று நான் ஒருவன்தான், அதனாலோ என்னவோ மிட்வைஃப் மிஸ் கொஞ்ச நேரம் எடுத்துப் பேசினார். பிள்ளையின் நிறை குறிக்கிற கொப்பியில் கோடு நன்றாக ஏறுகிறது என்று காட்டிவிட்டு, "தம்பி, ஒரு நாளைக்கு எத்தினை போத்தில் குடிக்குது?" என்றார். சொன்னேன், இரவு நடுச்சாமத்துப் போத்தலையும் சேர்த்து. "வயிறு நிரம்பக் குடிச்சாப் பிறகு ஆர் சாப்பிடுறது? பிள்ளை மறுக்கேல்லைத் தம்பி, அதுக்குப் பசிக்கேல்லை."

கூட்டிப் பார்த்தால் ஒரு லீற்றரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏழு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை பால்மா 600 மில்லிலீற்றர் அளவில் போதும், பத்து மாதத்துக்குப் பிறகு சாப்பாடு சரியாக ஏறினால் 400 அளவுக்கு இறங்கலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. ஒரேயடியாகக் குறைக்கவில்லை, முதலில் நடுச்சாமத்துப் போத்தலில் கைவைத்தோம், பிறகு மத்தியானத்துக்கு முன்னால் வருகிறதை. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா. "பிள்ளை இளைச்சுப்போச்சு" என்று அயலட்டை முழுக்கச் சொல்லியும் விட்டா, அடுத்த மாத நிறுவையில் கோடு அதே வழியில் போனதும்தான் அடங்கினா. பிள்ளை இன்னும் ஏதாவது குடிக்கட்டும் என்று சூப்பியின் ஓட்டையைப் பெரிதாக்கி பிஸ்கட்டைக் கரைத்து ஊற்றுகிற பழைய யோசனையும் வந்தது, அதைச் செய்யாதீர்கள், புரைக்கேறும், அளவுக்கு மிஞ்சியும் போகும், கரண்டிப் பழக்கம் இன்னும் தள்ளிப் போகும்.

பசி வந்த பிறகு மற்றதெல்லாம் இலகு என்று சொல்லமாட்டேன், ஆனால் முயற்சி செய்ய ஒரு வழி கிடைத்தது. சாப்பாட்டை முதலில், பாலைப் பிறகு. பசித்து அழத் தொடங்கிய பிள்ளைக்குக் கரண்டியை நீட்டினால் கோபம்தான் வரும், அதற்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வைக்கவேண்டும். உருளைக்கிழங்கை மசித்து அவளுடைய அதே பால்மாவைக் கரைத்து ஊற்றிக் குழைத்தேன், பழகிய ருசி என்பதால் முதல் தடவையாக நாக்கை வெளியே தள்ளாமல் உள்ளே எடுத்தாள். பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். போத்தல் பிள்ளைக்கு இளஞ்சூடு முக்கியம், ஆறிப்போன கஞ்சிக்கு வாய் திறக்காதவள் அதையே சூடாக்கினால் இரண்டு வாய் எடுப்பாள். திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய வத்தாளங்கிழங்கை அவித்து விரல் நீளத்துக்கு வெட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன், பாதி தலைமயிரில், கால்வாசி கதிரையில், மிச்சம் வாயில். கப்பல் வாழைப்பழமும் அப்படித்தான். ஒரு சாப்பாட்டை ஒருநாள் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவெடுக்காதீர்கள், எட்டுப் பத்துத் தடவை வாயில் பட்ட பிறகுதான் பல பிள்ளைகள் ஏற்கிறார்கள். முட்டை மஞ்சள் கரு, முள் பார்த்து எடுத்த மீன், அவித்து மசித்த கோழி ஈரல், பயறு இதெல்லாம் இரும்புச்சத்துக்கு, வெறும் கஞ்சியிலும் வாழைப்பழத்திலும் அது போதாது. உப்பும் சீனியும் போடவில்லை, மாமி ஒளித்துப் போட்டாவா என்பது எனக்குத் தெரியாது.

கரண்டி? தட்டையான, குழி குறைந்த, சின்ன பிளாஸ்ரிக் கரண்டி, சாமான் கடையில் சில்லறைக் காசு. இரண்டு வாங்கினேன், ஒன்று அவள் கையில், ஒன்று என் கையில். அவளுடையதை அவள் வாயில் விட்டு எடுக்கிற இடைவெளியில் என்னுடையது உள்ளே போகும். காலுக்குத் தாங்கல் உள்ள உயரக் கதிரைக்குக் காசு போட்டால் அது வீண் இல்லை, கால் தொங்கிக்கொண்டு சரிந்து இருக்கிற பிள்ளை விழுங்கக் கஷ்டப்படும்.

அந்த இரண்டு புள்ளி எதற்கென்றால், யாழ்தேவியில் கொழும்பு போனபோது பூசணியையும் உருளைக்கிழங்கையும் நன்றாக அரைத்து இதில் ஊற்றிக்கொண்டு போனோம், ஆடுகிற பெட்டியில் கோப்பையும் கரண்டியும் வைத்துத் தீத்தமுடியாது, இது சிந்தாமல் வேலை செய்தது. ஆனால் எங்கள் வெக்கைக்கு அவித்த சாப்பாடு இரண்டு மணித்தியாலம் தாண்டினால் கொடுக்கக்கூடாது, ஆகவே வவுனியா வருவதற்கிடையில் முடிக்கவேண்டும், மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும், கழுவ ரயிலில் வசதி கிடையாது.

எங்கள் பிள்ளைக்கு நிறை சரியாக இருந்ததால் பொறுமையாகச் செய்யமுடிந்தது. கொப்பியில் கோடு படுத்தாலோ இறங்கினாலோ, ஒவ்வொரு தடவையும் விழுங்கும்போது இருமிப் புரையேறினாலோ, எது வாயில் பட்டாலும் சத்தி எடுத்தாலோ, பத்து மாதம் தாண்டியும் கட்டி எதையும் ஏற்காவிட்டாலோ கடையில் தீர்வு தேடாமல் பிள்ளைகள் டொக்டரிடம் காட்டுங்கள். விழுங்குவதிலேயே சிக்கல் உள்ள பிள்ளைகளும் உண்டு, அதற்குப் பேச்சுச் சிகிச்சையாளர்கள் உதவுவார்கள்.

பயணத்துக்கு என்று வாங்குவதானால் கடையிலேயே பெட்டியைத் திறந்து, நடுவளையம் முழுக்கக் கழருகிறதா, கரண்டி முனை மென்மையாக இருக்கிறதா, மூடி இறுக்கமா என்று பார்த்து எடுங்கள். பாவித்த பிறகு திருப்பி எடுக்கமாட்டார்கள், கரண்டி முனை கிழிந்தால் தனியாக அது மட்டும் விற்பதில்லை, நான் கேட்டுப் பார்த்தேன்.