போர்டு வீட்டை இடிக்கும்போது எங்கே போவது: பக்கத்துத் தெருவா, செங்குன்றமா?

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. வட சென்னையில் எங்களுக்கு அது இன்றும் 'போர்டு'தான். 2022 கோடை விடுமுறையில் எங்கள் மூன்று மாடி பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காகக் காலி செய்தோம். அதே வாரம், எதிர் வீட்டில் இருந்த அத்தையும் காலி செய்தார். நாங்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனோம். அத்தை நகரத்துக்கு வெளியே இருக்கும் செங்குன்றத்துக்குப் போனார். இப்போது இரு வீட்டாரும் புதுக் கட்டடத்துக்குத் திரும்பிவிட்டதால் இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இடிக்க வேண்டுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த பிளாக் சரிந்தது. விரிசலைப் பார்த்து முன்பே வெளியே வந்துவிட்டதால்தான் யாரும் சாகவில்லை. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு, எங்கள் படிக்கட்டின் கம்பி தெரியும் கூரைக்குக் கீழே யாருக்கும் தூக்கம் வரவில்லை. காலி செய்யும் குடும்பத்துக்குத் தரும் கருணைத் தொகையும் 2021இல் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்ந்திருந்தது.

தொகை உயர்ந்தது நல்லதுதான். ஆனால் அதை மாதத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடலாம் என்பது அக்கம்பக்கத்துப் பேச்சு. எங்களுக்கு 30 மாதம் ஆனது. அப்படியென்றால் மாதம் 800 ரூபாய். பக்கத்துத் தெருவில் ஓர் அறையும் சமையல்கட்டும் 6,500 ரூபாய். செங்குன்றத்தில் அதைவிடப் பெரிய வீடு, வாசலில் வேப்பமரத்தோடு, 3,500 ரூபாய். முப்பது மாதத்துக்கு வித்தியாசம் 90,000.

அட்வான்ஸ் தனி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. எங்கள் பக்கம் பத்து மாதம் என்பதுதான் வழக்கம். ஒரே நேரத்தில் இருநூறு குடும்பம் வீடு தேடி அலையும்போது சட்டத்தைக் காட்டிப் பேரம் பேச எவருக்கும் தைரியம் வராது. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அத்தைக்கு 20,000 போதுமானதாக இருந்தது. பஸ் செலவு? சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் செங்குன்றம்தான் சரி. அப்பாவும் அதைத்தான் சொன்னார்.

நான் பக்கத்துத் தெருவின் கட்சி. காரணம் ஒன்றே ஒன்று: அம்மாவின் இட்லிக் கடை. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு இட்லிக் கொப்பரை, ஒரு பெரிய குடை. தெரு முனையில் பதினாறு வருடமாக அதே இடம். செலவு போக நாளுக்கு 400 ரூபாய் நிற்கும். மாதத்துக்கு இருபத்தைந்து நாள் போட்டால் பத்தாயிரம். வாடகையில் மிச்சமாகும் மூவாயிரத்தை இதோடு ஒப்பிட்டாலே விஷயம் முடிந்துவிட்டது என்று தோன்றும். அப்பா அதற்கும் பதில் வைத்திருந்தார். "செங்குன்றத்தில் மனிதர்கள் இட்லி சாப்பிட மாட்டார்களா?"

சாப்பிடுவார்கள். அம்மாவிடம் சாப்பிட மாட்டார்கள் என்பதுதான் விஷயம். அம்மாவின் வாடிக்கைக்காரர்கள் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். வாரம் முழுக்கக் கடன் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுச் சனிக்கிழமை தருவார்கள். யார் தருவார், யார் இழுப்பார் என்பது அம்மாவின் தலைக்குள் இருக்கும் பேரேடு. புது ஊரில் அதை எழுதி முடிக்க இரண்டு வருடமாவது ஆகும், அதற்குள் திரும்பி வரும் நேரம் வந்துவிடும். திரும்பி வரும்போது பழைய முனை காத்திருக்காது. நடைபாதையில் ஒரு வாரம் மேசை போடாவிட்டால் எட்டாவது நாள் அங்கே வேறொருவர் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார். ஒதுக்கீட்டு ஆணை வீட்டுக்கு உண்டு, இட்லி மேசைக்குக் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டைக் கட்ட வந்த வடநாட்டுத் தொழிலாளிகளே கடைசியில் அம்மாவின் பெரிய வாடிக்கை ஆனார்கள். எங்கள் தூண் எழும்பியது எங்கள் இட்லியில்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இருந்ததால் பெயர்ப் பட்டியல் ஒட்டியதும் தெரியும், யாருக்கு எந்த வீடு என்று முடிவு செய்யும் குலுக்கலின் தேதியும் தெரியும்.

அத்தை புரசைவாக்கத்தில் இரண்டு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆறு மணிக்குப் போய் நிற்க வேண்டும். நாலேகாலுக்குச் செங்குன்றத்தில் பஸ் நிறுத்தத்தில் நின்று மூன்று மாதம் சமாளித்தார், பிறகு முதல் வீடு போயிற்று, அடுத்த மாதம் இரண்டாவதும். ஆனால் கதையை இங்கேயே நிறுத்தினால் நான் நேர்மையில்லாதவன். அங்கே அரிசி ஆலைகள் நிறைய. அத்தைக்கு ஓர் ஆலையில் தினக்கூலி கிடைத்தது, பழைய சம்பளத்தைவிடக் கூடுதலாகவே. அடகு வைக்காமல் 30 மாதத்தையும் ஓட்டினார். சிக்கல் திரும்பி வந்த பிறகுதான். புரசைவாக்கம் வீடுகளில் வேறு ஆள் வந்துவிட்டார்கள். இப்போது இங்கிருந்து செங்குன்றம் ஆலைக்கு எதிர்த்திசையில் பஸ் ஏறுகிறார். எத்தனை நாள் ஓடும் என்று அவருக்கே தெரியவில்லை.

ஆகவே மாதச் சம்பளக்காரர்களுக்கு, குறிப்பாக வேலை ஏற்கெனவே நகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு, நான் செங்குன்றத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் எப்படி என்று எனக்கு அனுபவம் இல்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் அந்த வயதில் யாரும் கிடையாது.

இந்தக் கேள்வியே எழாத ஒரு கூட்டமும் உண்டு. எங்கள் பிளாக்கில் 32 வீடுகளில் ஒன்பதில் ஒதுக்கீடு பெற்றவர்கள் இல்லை, அவர்களிடம் வாடகைக்கு இருந்தவர்கள்தான். கருணைத் தொகை ஆணை வைத்திருப்பவருக்குப் போயிற்று, புது வீடும் அவருக்கே. அந்த ஒன்பதில் இரண்டு குடும்பம் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மலிவு வாடகை என்று இருந்த கடைசி இடமும் அவர்களுக்குப் போய்விட்டது.

புது வீடு 400 சதுர அடி. பழையது சுமார் 230. லிஃப்ட் உண்டு, மாதப் பராமரிப்புத் தொகையும் உண்டு. குடிவந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அந்தத் தொகையை எல்லோரும் ஒழுங்காகக் கட்டுவார்களா, ஐந்தாவது வருடத்தில் லிஃப்ட் ஓடுமா என்பதை நான் இப்போது சொன்னால் ஜோசியம். குலுக்கலில் எங்களுக்கு ஆறாவது மாடி விழுந்தது. விடியற்காலை நாலு மணிக்கு மாவுத் தூக்கோடு அம்மா லிஃப்டை நம்பி நிற்கத் தயாராக இல்லை. அதனால் கிரைண்டரும் கொப்பரைகளும் இன்னும் அந்தப் பழைய வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கின்றன. அதற்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கிறோம்.