பாரிமுனை முதல் பழவேற்காடு வரை: ஒரு நாள் வரலாற்று வேன் பயணம், போகலாமா?

வடசென்னைக்கு வரலாற்றுச் சுற்றுலா என்று யாராவது வண்டி எடுத்தாலே எனக்குச் சந்தோஷம். மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று எல்லாரும் தெற்கே பார்த்துத்தான் போகிறார்கள். இந்தச் சுற்றுலா நடத்துபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பாரிமுனையில் ஏற்றிக்கொண்டு கோட்டை, ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை போய் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். வளர்ந்து வரும் ஒரு கடற்படையால் ஏற்கெனவே கடலை ஆண்டுகொண்டிருப்பவனை எதிர்த்து நிற்க முடியுமா என்பதுதான் அன்றைய தலைப்பு. அதற்காகத்தான் நான் காசு கட்டினேன்.

முதல் நிறுத்தம் உயர்நீதிமன்ற மதில், எம்டன் குண்டு விழுந்ததற்கான கல்வெட்டு. வழிகாட்டித் தம்பி இதை அருமையாகச் சொன்னார். 1914 செப்டம்பர் 22 இரவு ஒற்றை ஜெர்மன் கப்பல் வந்து பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது, எல்லாம் கண்முன் வந்தது. ஆனால் சாகசத்தோடு கதையை முடிக்கப் பார்த்தார். அப்போதுதான் கூட வந்திருந்த காசிமேட்டு விசைப்படகு உரிமையாளர், வயதானவர், "ஏம்பா தம்பி, கரி தீந்துபோச்சுன்னா அவன் எங்க போவான்?" என்று கேட்டார். அன்றைக்குக் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். தம்பியும் மழுப்பாமல், "புடிச்ச கப்பல்ல இருந்த கரியத்தான் ஐயா எரிச்சான், அவனுக்குன்னு இங்க ஒரு துறைமுகம் கிடையாது" என்றார். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்த அடியில் எம்டன் தரைதட்டியது, ஆட்டம் முடிந்தது. சென்னையைத் தாக்கி ஏழு வாரம்கூட ஆகவில்லை.

கோட்டையில்தான் எனக்குக் குறை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். பிடித்த மறுமாதமே, அக்டோபர் புயலில், கரைக்கு வெளியே நின்ற அவர்களுடைய கப்பல்கள் பல நொறுங்கின, ஏனென்றால் அன்றைக்கு இங்கே துறைமுகமே இல்லை, திறந்த கடல்தான். சுஃப்ரேன் பெயரையே எடுக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1782, 1783 இரண்டு வருடத்தில் அந்தப் பிரெஞ்சுத் தளபதி ஆங்கிலேயத் தளபதி ஹியூஸோடு ஐந்து முறை மோதினார். சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று எல்லாம் நம் பக்கத்துக் கடல். ஐந்திலும் ஒரு பெரிய போர்க்கப்பலைக்கூட எவரும் பறிகொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஹியூஸுக்குப் போய்ச் சேரப் பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் துறை இருந்தது, சுஃப்ரேனுக்கோ மொரீஷியஸ் வரை எதுவும் இல்லை. திருகோணமலையை அவர் பிடித்ததே அந்தக் குறையைத் தீர்க்கத்தான். தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான கதை இந்தக் கரையில் கிடையாது. அடுத்த முறையாவது சேர்க்க வேண்டும்.

பழவேற்காட்டுக்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுத்தார்கள், அதற்கு முழு மதிப்பெண். டச்சுக் கல்லறை வாசலில் இரு பக்கமும் செதுக்கிய எலும்புக்கூடுகளை நின்று நிதானமாகப் பார்க்க விட்டார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. இங்கே வழிகாட்டி சொன்ன ஒரு விஷயம் பலருக்குப் புதுசாக இருந்திருக்கும்: அந்தக் காலத்தில் கடலை ஆண்ட பழைய ஆள் டச்சுக்காரன், எதிர்த்து வந்த புது ஆள் ஆங்கிலேயன். 1667இல் டச்சுக்காரர்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்து கப்பல்களைக் கொளுத்தினார்கள், அவ்வளவு பலம். ஐந்தே வருடத்தில் பிரான்ஸ் தரைவழியாக அவர்கள் நாட்டுக்குள் இறங்கியது. அப்புறம் பணம் கடலுக்குப் போகுமா, எல்லைக்குப் போகுமா? 1914க்கு முன் ஜெர்மனிக்கும் இதே நிலைதான். அதன் கடற்படைச் செயலர் டிர்பிட்ஸ் 1898லிருந்து கப்பலாகக் கட்டித் தள்ளினார், கடைசியில் இரண்டு பக்கமும் பகை வைத்திருந்த நாட்டுக்குத் தரைப்படைதான் முதல் செலவாயிற்று. இங்கிலாந்து தீவு, அதற்கு இந்தத் தலைவலி இல்லை. என் கணக்கில் விடை இதுதான்: எத்தனை கப்பல் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் பழுதுபார்க்கக் கரை வேண்டும், பின்பக்கத்து எல்லை அமைதியாக இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு கல்லூரிப் பையன் சீனா அமெரிக்காவை முந்துமா என்று கேட்டதற்கு, நேரமில்லை என்று தட்டிக்கழித்தது நன்றாக இல்லை. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேன் நகராமல் நின்றபோது பேசியிருக்கலாமே! சீனாவிடம் 370க்கு மேல் போர்க்கப்பல்கள், அமெரிக்காவிடம் 300க்கும் குறைவு. ஆனால் விமானந்தாங்கிக் கப்பல் சீனாவிடம் 3, அமெரிக்காவிடம் 11. உலகத்து வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் கட்டுவது சீனா, அந்த வகையில் அன்றைய ஜெர்மனியைவிடப் பல மடங்கு பலசாலி. தன் கரைக்குப் பக்கத்தில் அது கண்டிப்பாகச் சவால்தான். 1905இல் பாதி உலகத்தைச் சுற்றி வந்த ரஷ்யக் கப்பற்படையை ஜப்பான் சுஷிமாவில் முடித்ததும் தன் வீட்டு வாசலில்தான். ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தால் ஆப்பிரிக்கக் கரையில் உள்ள ஜிபூட்டியை விட்டால் சீனாவுக்குச் சொந்தத் தளம் என்று சொல்ல வேறென்ன இருக்கிறது? அமெரிக்காவுக்கு அந்தக் கடலின் நடுவிலேயே டியாகோ கார்சியா தீவுத் தளம் இருக்கிறது. அந்தக் காசிமேட்டு ஐயா கேட்ட கேள்விக்கே மறுபடி வந்து நிற்கிறோம்.

மற்ற விஷயங்கள்: ஏசி சரியாக இருந்தது, காலை இட்லி சுமார், பழவேற்காட்டில் மதியம் போட்ட நண்டுக் குழம்பு அபாரம். சாயங்காலம் இறங்கியதும் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பழவேற்காட்டில் நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள். வழிகாட்டியிடம் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள், கேட்டால்தான் அவரிடமிருந்து நல்ல விஷயம் வருகிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். சுஃப்ரேனைச் சேர்த்தால் ஐந்தாவதையும் கொடுத்துவிடுவேன்.