லிசெஸ்: உன் முறை வந்துவிட்டது என்று சொல்லத் தெரிந்த செயலி

வெள்ளவத்தையில் நான், டொரொண்டோவில் மச்சான், லிசெஸ் என்ற செஸ் செயலியில், ஒரு நகர்த்தலுக்கு 3 நாள் என்று ஆடுகிறோம். அவன் காய் நகர்த்தினால் அறிவிப்பு வரும், தட்டினால் நேரே பலகை. நேரம் முடியப்போனால் தனி எச்சரிக்கை, இது பெரிய விஷயம், ஏனென்றால் முன்பு வேறொரு செயலியில் முறை அறிவிப்பும் தள்ளுபடி விளம்பரமும் ஒரே சத்தத்தில் வந்து, தாங்காமல் எல்லாவற்றையும் நிறுத்தி, வெல்லவேண்டிய ஆட்டத்தை நேரம் போய்த் தோற்றேன். இங்கே எதெது போனுக்கு வரவேண்டும் என்று நாமே பிரித்து வைக்கலாம். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. இன்று காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டியில் போன் அதிர்ந்தது, கொள்ளுப்பிட்டியில் இறங்குவதற்குள் குதிரையை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.