சாளர ஃபோகஸும் என் நிரலும்: மூன்று ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். எக்செலில் வரும் கொள்கலன் எண்களைப் பழைய டெஸ்க்டாப் செயலி ஒன்றில் பதிவதற்காக ஆட்டோஹாட்கீயில் (விசைகளைத் தானாக அழுத்தவைக்கும் விண்டோஸ் நிரல்மொழி) நானே எழுதிய நிரலை மூன்று ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். எழுத்துகளை அனுப்புவது எளிது. அந்த நொடியில் சரியான சாளரம் முன்னால் இருந்து விசைகளை ஏற்க வேண்டும், அதாவது ஃபோகஸ் அதனிடம் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாடு.

தொடக்கத்தில், சாளரத்தை முன்னே கொண்டுவரும் வின்ஆக்டிவேட் கட்டளை கொடுத்து, அரை நொடி பொறுத்து, எழுத்துகளை அனுப்பிவிடுவேன். ஒரு பிற்பகல் அந்த அரை நொடிக்குள் நானே வாட்ஸ்அப்பைச் சொடுக்கிவிட்டேன். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமுமான எண்கள், ஒவ்வொன்றின் பின்னும் என்டர் விசையோடு, மேலாளருக்குத் தனித்தனிச் செய்திகளாகப் போய்ச் சேர்ந்தன. "என்ன தம்பி, ஃபோர்-டி நம்பரா?" என்று, இங்குள்ள நான்கு இலக்க லாட்டரியைச் சொல்லிக் கேட்டு அவர் சிரித்தது என் நல்லகாலம்.

பின்னணியில் ஓடும் நிரல் தானாக முன்னுக்கு வருவதை விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இயங்குதளம் கட்டுப்படுத்துகிறது. அனுமதி இல்லையென்றால் பணிப்பட்டைப் பொத்தான் மினுக்குவதோடு சரி. பயனரின் கடைசி உள்ளீட்டுக்குப் பின் இந்தத் தடை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கான ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) மதிப்பு இயல்பாக 2,00,000 மில்லிநொடி. அதைச் சுழியமாக்கிப் பார்த்தேன். கண்ட கண்ட செயலிகளெல்லாம் நான் தட்டச்சு செய்யும்போதே முன்னே குதித்ததால், ஒரே வாரத்தில் பழைய மதிப்புக்கே திரும்பினேன். ஆல்ட் விசையை அழுத்தியதுபோல் காட்டி அனுமதி பெறும் தந்திரமும் எனக்கு உதவவில்லை, ஏனெனில் அந்தச் செயலியின் மெனு திறந்துகொண்டு அடுத்த எழுத்துகளை விழுங்கியது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே என்பது இப்போது என் கருத்து.

இன்றைய நிரல் ஒவ்வொரு வரிக்கும் முன் வின்வெயிட்ஆக்டிவ் கட்டளை மூலம் சாளரம் முன்னே வர இரண்டு நொடி வரை காத்திருந்து, வராவிட்டால் ஒலியெழுப்பி நின்றுவிடுகிறது. சாதாரணப் பெட்டிகளில் பெட்டியில் நேரடியாக எழுதும் கண்ட்ரோல்செட்டெக்ஸ்ட் கட்டளை கொண்டு ஃபோகஸ் இல்லாமலே மதிப்பை இட்டுவிடுகிறேன். கொள்கலன் எண் பெட்டிக்கு மட்டும் அது பலிக்காது: டேப் விசையால் பெட்டியைவிட்டு வெளியேறும்போதுதான் கடைசி இலக்கமான சரிபார்ப்பு எண்ணைச் செயலி சோதிக்கிறது, ஆகவே அங்கே சாளரத்தை முன்னே வைத்து விசைகளைத்தான் அனுப்ப வேண்டும். திரை பூட்டப்பட்டால் அந்தப் படியும் நின்றுபோகும். ஆகவே கோப்பி வாங்கப் போவதானால், முதலில் நிரலை நிறுத்திவிட்டுத்தான் எழுகிறேன்.