வார்னிஷ் கேஷ்: வேகத்தில் குறையில்லை, ஆனால் குக்கியைக் கண்டால் ஒதுங்கும்

வெப் சர்வருக்கு முன்னால் நிறுத்தி, பக்கங்களின் நகலை வைத்துக் கொடுக்கும் கேஷ் எது என்று கேட்டால் இப்போதும் வார்னிஷைத்தான் முதலில் சொல்வேன், ஆனால் இன்ஸ்டால் செய்த கையோடு தளம் பறக்கும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். நார்வேயின் வெர்டென்ஸ் காங் நாளிதழின் தளத்துக்காக உருவாகி 2006இல் வெளிவந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. செய்தித்தளத்தின் குணம் இன்னும் போகவில்லை. எல்லோருக்கும் ஒரே பக்கம் என்றால் மெமரியிலிருந்து சட்டென்று எடுத்துக் கொடுக்கும், ஆளுக்கொரு பக்கம் என்றால் கையை விரித்துவிடும்.

முதல் எரிச்சல் குக்கி, அதாவது தளம் பிரவுசரில் வைக்கும் சின்னத் தகவல். ரெக்வெஸ்ட்டோடு ஏதோ ஒரு குக்கி வந்தாலே போதும், கேஷைத் தொடாமல் நேராக அப்ளிகேஷனுக்கு அனுப்பிவிடும். லாகின் செய்தவருடைய பக்கம் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாதே, அந்த வகையில் நியாயம்தான். ஆனால் வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் வைக்கிற குக்கிக்கும் அதே மரியாதை, அதனால் ஹிட், அதாவது கேஷிலிருந்தே போகும் பதில்கள், ஏறவே ஏறாது. வேண்டாத குக்கிகளை வார்னிஷின் அமைப்பு மொழியான விசிஎல்லில் நாமே கழற்றிவிட வேண்டும். அந்த விசிஎல் அருமையான விஷயம்: எழுதியதை சி மொழிக்கு மாற்றி, கம்பைல் செய்து, சர்வர் ஓடும்போதே ஏற்றிக்கொள்கிறது, கேஷ் அப்படியே இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் மெமரியில் இருப்பதெல்லாம் காலி.

கிரேஸ் வசதிக்காகவே வைத்துக்கொள்ளலாம். காலாவதியான பக்கத்தைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னணியில் புதியதைக் கொண்டுவரும். டீஃபால்ட்டாக 10 விநாடிதான், அதைத் தாராளமாக உயர்த்துங்கள்.

பிரவுசர் பக்கம் வந்தால்தான் தலைவலி. வார்னிஷில் பர்ஜ் செய்து நகலை அழித்தாலும் பிரவுசருக்குள் போய் உட்கார்ந்த காப்பியை அது தொடாது. அதனால் பக்கத்தின் ஆயுளை விநாடிக்கணக்கில் மேக்ஸ்-ஏஜ் 60, எஸ்-மேக்ஸ்ஏஜ் 3600 என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம், முதலாவது பிரவுசருக்கு, இரண்டாவது வார்னிஷுக்கு. சரி, அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பத்து நிமிடமாக வார்னிஷில் இருக்கும் பக்கம் அதன் வயதை விநாடியில் சொல்லும் 'ஏஜ்: 600' என்ற ஹெட்டரோடுதான் (பதிலோடு போகும் குறிப்பு) வெளியே போகும், 60 விநாடிதான் ஆயுள் என்று படித்த பிரவுசர் வந்த கணமே அதைப் பழையதாக எண்ணி ஒவ்வொரு தடவையும் திரும்பக் கேட்கும். பதில் வெளியே போகிற இடத்தில், அதாவது விசிஎல்லின் டெலிவர் பகுதியில், அந்த ஹெட்டரை நீக்கினால் அடங்கும்.

செய்தி, வலைப்பதிவு, பொருள் பட்டியல் மாதிரி தளங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். எல்லாமே லாகினுக்குப் பின்னால் இருக்கும் டேஷ்போர்டுக்கு இது வீண் வேலை, தரவை மெமரியில் வைக்கும் ரெடிஸ் பக்கம் போங்கள்.