பொங்கல் டூர் என்று 38,500 ரூபாய் போச்சு – ஊட்டிக்குக் குழுவாகப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

காணும் பொங்கலுக்கு எங்கள் மகளிர் கிளப் திருப்பூரிலிருந்து ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குக் கிளம்பியது. பேக்கேஜ் டூர் நடத்தும் ஒரு டிராவல்ஸிடம் பஸ், நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ், நுழைவுச் சீட்டு, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய் கட்டினோம். கிடைத்தது ஓட்டை பஸ் ஒன்றுதான்.

அந்த டிராவல்ஸ் ஆள் கிளப் கூட்டத்துக்கே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எங்களில் மூத்த அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து பூங்காவை விரலால் வரைந்து காட்டினார். "1848-ல போட்ட தோட்டம்ங்கம்மா. இத்தாலியன் கார்டன், ரெண்டு கோடி வருஷத்துக் கல்மரம், உச்சியில தோடர் மந்து, அந்தப் பழங்குடி சனங்க குடியிருப்புங்க. தொட்டபெட்டா சரிவு, ஏத்தம் ஜாஸ்திதான். நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேனுங்க." அந்த அம்மாவுக்குக் கண்ணெல்லாம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினோம்.

காலையில் வந்தது வேறு பஸ். அந்த ஆள் வரவே இல்லை. கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். இ-பாஸில் இருந்தது இன்னொரு வண்டியின் எண்! டிரைவர் தன் போனில் புதிதாகப் பதிவு செய்து முடிக்கும்வரை வயதானவர்கள் ரோட்டோரம் நின்றார்கள். ஊட்டி சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. கவுன்டரில் எங்கள் பெயரில் சீட்டே இல்லை. ஓட்டலில் கேட்டால், "அப்படி யாரும் சொல்லலையே" என்கிறார்கள். இரண்டுக்கும் மறுபடி கைக்காசு. அதோடு, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்த, கீழ்ப் புல்வெளியோடு திரும்பிவிட்டோம். அந்த அம்மா கடைசிவரை கல்மரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.

அந்த ஆளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பொங்கல் லீவு முடியட்டும்ங்க்கா" என்றார். லீவு முடிந்ததும் "ஓனர் வெளியூர்ல இருக்கார்" என்றார். அப்புறம் "பஸ் மேல போச்சில்ல, அப்புறமென்ன?" இதை என்ன தைரியத்தில் சொல்கிறார்? 38,500 ரூபாய் பஸ்ஸுக்கு மட்டுமா கொடுத்தோம்? பில் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நேரில் போனால், ஆபீஸில் உட்கார்ந்திருந்த பையன் "எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டான். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் கொடுத்த 38,500 ரூபாய் இது.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள். வண்டி எண்ணும், அதே எண்ணுக்கான இ-பாஸும் கையில் வந்த பிறகு மீதியைக் கொடுங்கள். பூங்கா டிக்கெட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆள் நம்பருக்கு ஜிபே வேண்டாம், பில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம்.