பழம் போட்ட பெல்ஜியம் பீர்: நாலு கிளாஸ், ஒரு மூக்கு

பிரான்சிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பெட்டியில் என்ன இருக்கும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்ட், சாக்லேட், சீஸ், அப்புறம் சுங்க வரி இல்லாமல் ஒரு ஆள் கொண்டுவரக்கூடிய 2 லிட்டர் கணக்கில் விஸ்கியோ கோன்யாக்கோ. என் நண்பனின் சித்தப்பா இந்த முறை அந்த 2 லிட்டரையும் பீராகவே கொண்டுவந்துவிட்டார். சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவக் குடும்பம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வட பிரான்சில் லீல் நகரத்துப் பக்கம் இருக்கிறார். அங்கிருந்து பெல்ஜியம் எல்லை, கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையான முள்ளோடை மாதிரி.

“ரெண்டு லிட்டருக்கும் பீராடா வாங்குவாரு மனுஷன்?” என்று வீட்டில் ஒரே புலம்பலாம். எனக்கு மட்டும் போன் வந்தது. “ஞாயித்துக்கிழமை வந்துடு தம்பி. பழம் போட்ட பீரு. ருசி தெரிஞ்ச ஆள் ஒருத்தன் வேணும்.”

பெட்டிக்குள் இருந்தவை: பூன் நிறுவனத்தின் ஊட் க்ரீக் என்ற செர்ரி பீர் 750 மில்லி பாட்டில் ஒன்று, லிண்டமன்ஸ் க்ரீக் 250 மில்லி இரண்டு, லீஃப்மன்ஸ் ஃப்ரூட்டெஸ் 250 மில்லி மூன்று. கூட்டிப் பாருங்கள், சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பட்டாளத்துக் கணக்கு. (பூன் என்பதை பெல்ஜியத்தில் ‘போன்’ என்றுதான் சொல்கிறார்களாம். டெலிபோனோடு குழம்பும் என்பதால் நான் எழுத்துப்படியே வைத்துக்கொள்கிறேன்.) இந்த மூன்றுக்கும் போட்டியாக உள்ளூர் மைக்ரோப்ரூவரி ஒன்றில் மாம்பழம் போட்டு விற்கும் பெல்ஜியன் விட் பீரையும் சேர்த்துக்கொண்டேன். அதை வீட்டுக்கு எடுத்து வர வழியில்லாததால் மதியம் அங்கே, சாயங்காலம் முத்தியால்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் என்று ஏற்பாடு.

பழம் போட்ட பீர் என்றதும் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, “இனிக்குமா?” பழத்தை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் போட்டால் பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுசாகத் தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது புளிப்பு, துவர்ப்பு, நிறம், வாசனை. எல்லாம் நொதித்து அடங்கிய பிறகு சாற்றையோ இனிப்பையோ சேர்த்து, மறுபடி நொதிக்காதபடி சூடு காட்டி அடைத்தால் இனிப்பு அப்படியே நிற்கும். ஆக, ஒரே செர்ரிப் பழத்தில் செய்த இரண்டு பாட்டிலில் ஒன்று ஜாம் மாதிரியும் இன்னொன்று ஊறுகாய்த் தண்ணீர் மாதிரியும் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மதியக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். விட் என்பது பெல்ஜியத்தின் கோதுமை பீர். முளைகட்டாத கோதுமை, ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை. ஆமாம், ரசப்பொடிக்கு வறுக்கிற அதே தனியாதான். ஹூகார்டன் என்ற ஊரில் இந்த வகையைக் காய்ச்சிய கடைசி ஆலை 1957-ல் மூடிவிட்டது. பக்கத்து வீட்டிலேயே வளர்ந்து, அந்த ஆலையில் ஒத்தாசையாக வேலை பார்த்திருந்த பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966-ல் அதை மறுபடி ஆரம்பித்தார். இன்று ஊர் ஊராக மைக்ரோப்ரூவரிகள் ‘பெல்ஜியன் விட்’ என்று பலகை வைப்பதற்கு அந்தப் பால்காரர்தான் மூல காரணம்.

உள்ளூர் மாம்பழ விட் பார்வைக்கு அழகு. கலங்கலான மஞ்சள், மேலே விரல் தடிமன் நுரை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் பழுத்த மாம்பழ வாசனை. முதல் இரண்டு மடக்கு நன்றாகவே இருந்தது. மூன்றாவது மடக்கில் நாக்கில் ஒரு பசை படிந்தது. டெட்ராபேக் மாம்பழ ஜூஸில் சோடா கலந்த மாதிரி. பீர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மாம்பழத்தில் இது ஒரு சங்கடம். நொதிக்க விட்டால் நாம் மாம்பழம் என்று நினைக்கிற வாசனையில் பாதி ஓடிப்போய், தோலும் கொட்டையுமாக ஒரு பிசின் வாசம்தான் மிஞ்சும். அதற்குப் பயந்து கடைசியில் கூழைக் கொட்டினால் ஜூஸாகிவிடும். பரிமாறிய பையனிடம் கேட்டேன். “மேங்கோதான் சார் இங்க வேகமா போவுது. லேடீஸ், டூரிஸ்ட்டு எல்லாம் இதான் கேக்கறாங்க,” என்றான். பழம் போடாத சாதா விட் ஒன்று வரச் சொன்னேன். ஆரஞ்சுத் தோலின் மெல்லிய கசப்பு, பின்னாலேயே தனியா, தொட்டுக்கொள்ள மொறுமொறு நெத்திலி வறுவல். பழமே சேர்க்காத கிளாஸ் பழ பீரைத் தோற்கடித்துவிட்டது.

சாயங்காலம் மொட்டைமாடி. காற்று வந்தாலும் வெக்கை குறையவில்லை. இங்கேதான் நாங்கள் ஒரு தப்பு செய்தோம்: இனிப்பான பாட்டிலில் ஆரம்பித்தோம். பாயசத்துக்குப் பிறகு காபி குடித்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். கடைசியில் வந்த புளிப்பு பீர் முதல் மடக்கில் அநியாயத்துக்குப் புளித்தது. அப்புறம் வாயைக் கொப்பளித்து, ஒரு பிடி பொரியை மென்று, மறுபடி தலைகீழ் வரிசையில் ருசித்தோம். நாக்கைத் துடைக்க பொரியைவிட நல்ல பொருள் கிடையாது. எண்ணெய் இல்லை, தனக்கென்று பெரிதாக ஒரு ருசியும் இல்லை.

லீஃப்மன்ஸ் ஃப்ரூட்டெஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3.8 சதவீதம். செர்ரியோடு ஒன்றரை வருஷம் ஊறிய பீரில் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, செர்ரி, எல்டர்பெரி, பில்பெரி என்று ஐந்து பழச்சாறு. ஐஸ் போட்டுக் குடிக்கச் சொல்லி கம்பெனிக்காரர்களே விளம்பரம் செய்கிறார்கள். பீரில் ஐஸா என்று முகம் சுளிப்பவர்கள் மே மாதம் புதுச்சேரிக்கு வந்து பார்க்கட்டும். ஐஸ் இருக்கும் வரை ஜோர். ஐஸ் கரைந்ததும் பால் சேர்க்க மறந்த ரோஸ்மில்க். நான் பாதியில் வைத்துவிட்டேன்.

லிண்டமன்ஸ் க்ரீக் இதற்கு ஒரு படி மேல். 1822-லிருந்து வ்லேசன்பேக் கிராமத்தில் ஒரே குடும்பம் நடத்தும் ஆலை. 3.5 சதவீதம்தான். ஊற்றும்போதே இளஞ்சிவப்பு நுரை கட்டிக்கொண்டு வருகிறது. ஆழ்ந்த மாதுளை நிறம். முன்வாயில் செர்ரி ஜாம், ஆனால் விழுங்கியபின் தொண்டையோரம் ஒரு புளிப்பு எட்டிப் பார்க்கிறது. அடியில் இருப்பது நிஜமான லாம்பிக், அதாவது ஈஸ்ட் போடாமல் தானாகவே நொதிக்க விட்ட புளிப்பு பீர், என்பதற்கு அதுதான் சாட்சி. நண்பன் இதற்குத்தான் ஓட்டுப் போட்டான். “இதை வச்சிக்கினு எவ்ளோ நேரம் வேணா பேசிக்கினு இருக்கலாம்பா,” என்றான். பேசிக்கொண்டும் இருந்தான்.

இனி ஊட் க்ரீக்.

ஷாம்பெயின் பாட்டில் மாதிரி தடித்த கண்ணாடி, கம்பி கட்டிய தக்கை. சித்தப்பா தோள் துண்டைப் போட்டு தக்கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மட்டும் மெதுவாகத் திருப்பினார். ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான், வெடிக்கவில்லை. கண்ணாடி கிளாஸ் ஒன்று குறைந்ததால் எனக்கு முதலில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். அதில் நிறமும் தெரியவில்லை, வாசனையோடு ஒரு உலோக வாடையும் சேர்ந்து வந்தது. கிளாஸ் கழுவி வந்த பிறகுதான் ஆளை முழுசாகப் பார்க்க முடிந்தது. நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம்.

மோர்மிளகாய் வறுத்து எடுத்துக்கொண்டு சித்தி மாடிக்கு வந்தார். அவர் குடிக்க மாட்டார். கிளாஸை வாங்கி முகர்ந்து மட்டும் பார்த்தார். “இன்னாங்க இது, மாட்டுக்கொட்டா வாசனை வருது?” என்றார். இன்னொரு முறை முகர்ந்தார். “களாக்கா ஊறுகா ஜாடிய தொறந்த மாதிரியும் இருக்குது. பாதாம் எசன்சு ஊத்தியிருக்காங்களா?”

மூன்றும் சரி. மாட்டுக்கொட்டகை வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டின் வேலை. ஐரோப்பியர்கள் அதைக் குதிரை முதுகில் போடும் கம்பளியோடு ஒப்பிடுவார்கள். களாக்காய்ப் புளிப்பு, லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் செர்ரியும் சேர்ந்து தருவது. க்ரீக் என்ற பிளெமிஷ் சொல்லுக்கே புளிப்புச் செர்ரி என்றுதான் பொருள். பாதாம் எங்கிருந்து? செர்ரியைக் கொட்டையோடு முழுசாகப் போட்டு மாதக்கணக்கில் ஊறவைக்கும்போது கொட்டைக்குள்ளிருக்கும் பருப்பு விடுகிற வாசனை அது. இந்த பாட்டிலில் லிட்டருக்கு 400 கிராம் செர்ரி. ஒரு துளி குடிக்காத சித்தி சொன்ன அளவுக்கு, குடித்த நாங்கள் மூன்று பேரும் சொல்லவில்லை.

லாம்பிக் செய்யும் விதத்தைச் சித்தப்பா விளக்கினார். பிரசல்ஸ் நகரத்தைச் சுற்றி சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்வது. கொதிக்கவைத்த கோதுமை-பார்லிக் கஷாயத்தை, அகலமான ஆழமில்லாத தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்தே ஆற விடுவார்கள். ஈஸ்ட் எதையும் போடுவதில்லை. காற்றில் வருவதும் மரப் பீப்பாயில் குடியிருப்பதும்தான் நொதிக்க வைக்கும். அதனால்தான் குளிர்மாதங்களில் மட்டும், சுமாராக அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை, காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். அப்புறம் பீப்பாயில் ஒன்றிலிருந்து மூன்று வருஷம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே நம் பனையேறிகள் செய்கிறார்கள்? பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார்கள். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை, கலயமும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன. காலையில் இறக்கியது இனிக்கும், சாயங்காலம் சுள்ளென்று ஏறும், மறுநாள் புளிக்கும். வித்தியாசம் வெப்பத்தில் இருக்கிறது. அங்கே வருஷக்கணக்கில் நடப்பது இங்கே சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடை ஏலம் விட்டு நடக்கிறது, அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987-லிருந்து தடை. எல்லைக்கு இருபுறமும் ஒரே பனைமரம்தான்.

அதனால் புளிப்பு பீர் நமக்குப் பழக்கமில்லாத ருசி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய சோற்று நீராகாரம், புளித்த மோர், மூன்றாம் நாள் மீன்குழம்பு எல்லாம் வளர்த்த நாக்கு இது. பீர் என்றால் கசப்பு, பழம் என்றால் இனிப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு குடிப்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. பொரி தின்ற பிறகு குடித்த இரண்டாவது சுற்றில் ஊட் க்ரீக்கின் புளிப்பு ஒதுங்கி, பழத்தோலின் துவர்ப்பு முன்னால் வந்தது. எலும்பு மாதிரி வறண்ட முடிவு. சர்க்கரை சுத்தமாக இல்லை. வஞ்சிரம் வறுவலுக்கு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டியிருக்கவில்லை.

நம் ஊர் வெக்கைதான் கடைசியில் தீர்ப்புச் சொன்னது. மொட்டைமாடியில் வைத்த கிளாஸ் பதினைந்து நிமிஷத்தில் சில்லிப்பை இழந்துவிடும். சூடேறச் சூடேற ஃப்ரூட்டெஸ் சரிந்தது, லிண்டமன்ஸ் திகட்ட ஆரம்பித்தது. ஊட் க்ரீக் மட்டும் ஒவ்வொரு வாசனையாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்று, 6 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் உள்ள சரக்கு. தாகத்துக்குக் குடிக்கிறதாக நினைத்து மடமடவென்று இறக்கினால் படிக்கட்டு இறங்கும்போது தெரியும்.

என் வரிசை: ஊட் க்ரீக் முதலில், யாரும் கிட்டே வரவில்லை. இரண்டாவது, போட்டியிலேயே இல்லாத உள்ளூர் சாதா விட். அப்புறம் லிண்டமன்ஸ். ஃப்ரூட்டெஸை பீர் பிடிக்காத விருந்தாளிக்கு வைத்துக்கொள்ளலாம். மாம்பழ விட்டுக்குக் கொடுக்கிற காசில் குபேர் அங்காடியில் ஒரு கிலோ பங்கனப்பள்ளி வாங்கிவிடுவேன். சித்தப்பா இதை ஏற்கவில்லை. அவருக்கு லிண்டமன்ஸ்தான் முதல். “வயசாயிடுச்சுடா, புளிப்பு ஒத்துக்கல,” என்றார். பழம் போட்டு நான் உள்ளூரில் ருசிக்க ஆசைப்படுவது பண்ருட்டிப் பலா. கோதுமை பீர் ஈஸ்ட் விடுகிற வாழைப்பழ வாசனைக்கும் பலாச்சுளை வாசனைக்கும் உறவு நெருக்கம். யாராவது செய்தால் சீக்கிரமே, நொதிக்கும்போதே போடட்டும்.

ஒரு லிண்டமன்ஸ் பாட்டில் திறக்காமல் மிஞ்சியது. “எடுத்துக்கினு போடா,” என்றார் சித்தப்பா. தமிழ்நாட்டு எல்லையில் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் திறந்து காட்டி, இது செர்ரிப் பழம் போட்டது, 3.5 சதவீதம்தான் என்று போலீஸ்காரருக்கு லாம்பிக் வகுப்பு எடுக்க எனக்குத் தெம்பில்லை. சித்தி அதை வாங்கி ஃப்ரிட்ஜில், மாவு பாத்திரத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். மேலே பிளாஸ்திரி ஒட்டி என் பெயரை எழுதியிருக்கிறாராம்.